பரத் அருண் (கிரிக்கெட் பந்துவீச்சுப் பயிற்சியாளர்)

பரத் அருண் (பிறப்பு: 14 டிசம்பர் 1962) தமிழ்நாட்டு அணிக்கும் இந்திய அணிக்கும் ஆடிய மித வேகப்பந்து வீச்சாளர், பின்னாளில் இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர். ஆட்டப் பதிவுகளில் இவர் பெயர் பாரதி அருண் என்றும் காணப்படும். பிறந்த ஊர் ஆந்திரத்தின் விஜயவாடா. கிரிக்கெட் வாழ்க்கை அமைந்தது சென்னையில். ஆட்டக்காரராக இவர் எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் நான்கு. பயிற்சியாளராக இவர் பொறுப்பில் இருந்தபோது இந்திய அணி ஆஸ்திரேலிய மண்ணில் அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட் தொடர்களை வென்றது. இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவே உள்ள தூரமே இக்கட்டுரைக்குப் பொருள்.

பந்துவீச்சுப் பயிற்சியாளர் என்பவர் யார்?

அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தில் (தமிழில் அடிபந்தாட்டம் என்று எழுதுவோரும் உண்டு) பந்து எறிபவருக்கென்று தனிப் பயிற்சியாளரை வைத்துக்கொள்வது பழைய வழக்கம். அங்கே கல்லூரி அணிகளில்கூட அது முழுநேர வேலை. கிரிக்கெட்டில் அப்படியொரு பதவி நிலைபெற வெகுகாலம் ஆயிற்று. 1980கள் வரையிலும் இந்திய அணியோடு பயணம் செய்தவர் ஒரு மேலாளர்தான். தவறைச் சுட்டிக்காட்டுவது மூத்த ஆட்டக்காரரின் வேலையாக இருந்தது.

இரண்டு ஆட்டங்களுக்கும் எறிதலில் பெரிய வேறுபாடு உண்டு. பேஸ்பாலில் எறிபவர் ஒரு சிறு மேட்டில் நின்றபடி, 60 அடி 6 அங்குலத் தொலைவுக்கு, முழங்கையை மடக்கி நீட்டி எறிவார். பந்து தரையில் படாமல் போகும். கிரிக்கெட்டில் ஓடிவந்து, 22 கஜ ஆடுகளத்தில், கையை ஏறக்குறைய நேராக வைத்துச் சுழற்றி வீச வேண்டும். முழங்கை 15 பாகைக்குமேல் நிமிர்ந்தால் அது எறிதல், விதிப்படி குற்றம். மாங்காய்க்குக் கல்லெறிவதுபோல் கை மடங்கினால், தெருவில் ஆடும் பிள்ளைகளே ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் பயிற்சியாளரின் கவலை இரண்டிலும் ஒன்றுதான்: உடம்பு உடையாமல் வேகம் வரவேண்டும். பேஸ்பாலில் முழங்கையின் தசைநார் அறுந்துபோகும். 1974இல் டாமி ஜான் என்ற வீரருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதற்கு மாற்றுத் தசைநார் வைத்துத் தைத்தார். இன்றும் அந்த அறுவைசிகிச்சைக்கு நோயாளியின் பெயரே வழங்குகிறது. கிரிக்கெட்டில் அடி வாங்குவது கீழ்முதுகு. வேகமாக ஓடிவந்து முன்காலை ஊன்றும் கணத்தில் உடல் எடையைப்போல் பல மடங்கு விசை அந்தக் காலின் வழியே ஏறுகிறது. இடுப்பு ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் பார்த்திருந்தால் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும். அதையே ஒரு நாளைக்கு நூறு முறை செய்யும் பதினேழு வயதுப் பையனின் எலும்பில் மயிரிழை விரிசல் விழுவதில் வியப்பில்லை.

இந்தக் கலப்பு நிலையைக் கண்டறிவது, எந்த வாரத்தில் எத்தனை ஓவர் வீசலாம் என்று கணக்கு வைப்பது, எதிரணி மட்டையாளர் எந்தப் பந்தை எந்தப் பக்கம் அடிக்கிறார் என்று படித்துச் சொல்வது ஆகியவை இன்றைய பந்துவீச்சுப் பயிற்சியாளரின் அன்றாட வேலை. மனம் சோர்ந்தவனை மறுபடி மைதானத்துக்கு அழைத்துவருவதும் அதில் அடக்கம். அது எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை.

சென்னையில் ஒரு தொடக்கம்

இந்தியாவில் இந்தத் துறை முறையாகத் தொடங்கிய இடம் சென்னை என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1987இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் சேத்துப்பட்டில் உள்ள சென்னை கிறித்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் வேகப்பந்து வீச்சுக்கென்று ஒரு பயிற்சி மையத்தை நிறுவியது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அதன் இயக்குநர். இந்தியாவுக்காக இரண்டு டெஸ்ட் ஆடிய சென்னைக்காரர் டி. ஏ. சேகர், லில்லி ஊருக்குத் திரும்பிய மாதங்களிலும் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டவர். ஜவகல் ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான் என்று பலர் அங்கே தேறினார்கள். வேகப்பந்து வீச ஆசைப்பட்டு வந்த ஒரு பம்பாய்ப் பையனை, நீ மட்டை பிடிப்பதைப் பார் என்று லில்லி திருப்பி அனுப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையன் சச்சின் டெண்டுல்கர். 2012இல் லில்லிக்குப் பின் இயக்குநரான கிளென் மெக்ராவும் இளமையில் அங்கே பயிற்சி பெற்றவரே.

ஆட்டக்காரராக அருண்

அருண் பெரிய வேகம் உடையவரல்லர். விடாமல் ஒரே இடத்தில் பந்தைப் போடுவதும், பின்வரிசையில் வந்து சில ஓட்டங்கள் சேர்ப்பதும் இவர் பலம். 1986 டிசம்பரில் கான்பூரில் இலங்கைக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடி மூன்று விக்கெட் எடுத்தார். 1987 ஜனவரியில் கட்டாக்கில் ஆடியது இரண்டாவது டெஸ்ட், அதுவே கடைசி. ஒருநாள் ஆட்டங்கள் நான்கு, அவற்றில் ஒரு விக்கெட். கபில் தேவ் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் வேகமும் மட்டையும் சேர்ந்த இன்னொருவருக்கு இடம் கிடைப்பது அரிது.

உள்நாட்டில் நிலைமை வேறு. எஸ். வாசுதேவன் தலைமையில் 1987–88 பருவத்தில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அருண் அந்த அணியில் இருந்தார். 1954–55க்குப் பிறகு, 33 ஆண்டு இடைவெளியில் கிடைத்த கோப்பை அது. அதற்குப் பின் இன்றுவரை தமிழ்நாடு அதை வெல்லவில்லை என்பதை வருத்தத்துடன் குறிக்க வேண்டியிருக்கிறது. முதல்தர ஆட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்து அருண் ஓய்வு பெற்றார்.

பயிற்சியாளராக

2002இல் தமிழ்நாட்டு அணியின் பயிற்சியாளர் ஆனார். 2002–03, 2003–04 ஆகிய இரண்டு பருவங்களிலும் அணி ரஞ்சி இறுதிக்கு வந்து, இரண்டிலும் மும்பையிடம் தோற்றது. அந்த அணியின் லட்சுமிபதி பாலாஜி 2004இல் பாகிஸ்தான் சென்ற இந்திய அணியில் இடம்பெற்று வெற்றிக்கு உதவினார். பிறகு அருண் பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமியில் பந்துவீச்சு ஆலோசகராகச் சேர்ந்தார். 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கு இவர் பயிற்சியாளராக இருந்தபோது, 2012 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் உன்முக்த் சந்த் தலைமையில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது.

2014இல் இங்கிலாந்தில் டெஸ்ட் தொடரை இழந்தபின் இந்திய அணிக்கு இயக்குநராக ரவி சாஸ்திரி வந்தார். அவரோடு சஞ்சய் பாங்கர், ஆர். ஸ்ரீதர், அருண் ஆகிய மூவரும் வந்தனர். 2015 உலகக் கோப்பையில் இந்தியப் பந்துவீச்சாளர்கள் முதல் ஏழு ஆட்டங்களில் எதிரணிகளின் 70 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார்கள். அரையிறுதியில் சிட்னியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றார்கள். 2016இல் அனில் கும்ப்ளே பொறுப்பேற்றபோது அருணுக்கு இடமில்லை.

2017 ஜூலையில் சாஸ்திரி தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். அப்போது பந்துவீச்சு ஆலோசகராக முதலில் அறிவிக்கப்பட்ட பெயர் ஜாகீர் கான். முன்னூறுக்கும் மேற்பட்ட டெஸ்ட் விக்கெட் எடுத்தவரை விட்டுவிட்டு நான்கு விக்கெட் எடுத்தவரையா கேட்பது என்று பத்திரிகைகளில் பலர் எழுதினார்கள். சாஸ்திரியும் அருணும் இளையோர் அணி நாட்களிலிருந்து பழகியவர்கள் என்பதும் பேச்சாயிற்று. ஒரு வார இழுபறிக்குப் பின் அருணே நியமிக்கப்பட்டார். கேள்வி எழுந்ததில் தவறில்லை என்றே கருதுகிறேன். நண்பரை நண்பர் அழைத்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் எத்தனையோ இடங்களைக் கெடுத்திருக்கிறது. ஆனால் கேள்வியில் ஒரு பிழையும் இருந்தது. கணக்கில் மேதையாக இருப்பவர் கணக்கு ஆசிரியராகவும் சிறப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தனக்கு எளிதாக வந்ததை அடுத்தவனுக்கு ஏன் வரவில்லை என்றே மேதைக்குப் புரியாது. தட்டுத் தடுமாறிக் கற்றவனுக்குத்தான் எந்தப் படியில் கால் வழுக்கும் என்று தெரியும்.

பும்ராவின் கையை மாற்றாதது

அருணின் பணியில் முக்கியமானது அவர் செய்யாமல் விட்ட ஒன்று. ஜஸ்பிரித் பும்ராவின் வீச்சு எந்தப் பாடநூலிலும் இல்லாதது. ஓடிவருவது குறைந்த தூரம். அதிலும் பாதி நடை. கை ஒரு கம்புபோல் விறைத்து மேலே போகும். முழங்கை இயல்பாகவே பின்புறம் சற்று வளையும். பந்தை விடும் இடமும் பிறரைவிட மட்டையாளருக்கு அருகில் இருக்கும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைப் பார்த்து ஆட மட்டையாளருக்கு அரை நொடிகூடக் கிடைக்காது. அதில் கொஞ்சம் குறைந்தாலும் பெரிய வேறுபாடு.

இப்படியொரு பையன் வந்தால் பல பயிற்சியாளர்களின் கை முதலில் திருத்தத்தான் போகும். பள்ளியில் எழுத்தைப் பார்ப்பதுபோலத்தான் இதுவும். கோணல் எழுத்துக்காரனை நாலு வரி நோட்டில் உட்காரவைத்தால் சில சமயம் எழுத்து அழகாகும், விடை நின்றுபோகும். அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். அகாடமி நாட்களிலேயே பும்ராவைப் பார்த்திருந்த அருண், அந்த வீச்சை அப்படியே விட்டுவிட்டு, அது தரும் சுமையைத் தாங்கும்படி உடம்பை உறுதியாக்கும் வழியை எடுத்துக்கொண்டார்.

2018 ஜனவரியில் கேப் டவுனில் பும்ரா முதல் டெஸ்ட் ஆடினார். அந்த ஆண்டிலேயே ஒன்பது டெஸ்டுகளில் 48 விக்கெட். பும்ரா, ஷமி, இஷாந்த் மூவரும் சேர்ந்து ஓர் ஆண்டில் எடுத்த விக்கெட்டுகள், 1984இல் ஹோல்டிங், கார்னர், மார்ஷல் ஆகிய மேற்கிந்தியர் மூவர் எடுத்த 130ஐத் தாண்டின. மெல்போர்னில் பும்ரா 33 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்த அந்தத் தொடரை இந்தியா 2–1 என வென்றது. 1947–48இல் லாலா அமர்நாத் தலைமையில் முதன்முதலாக அங்கே போனதிலிருந்து அதுவே முதல் தொடர் வெற்றி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2019இல் பும்ராவின் கீழ்முதுகில் விரிசல் கண்டது. 2023இல் நியூசிலாந்தில் முதுகு அறுவைசிகிச்சை செய்துகொண்டார். வீச்சை மாற்றியிருந்தால் முதுகு தப்பியிருக்குமா, அல்லது பும்ராவே இல்லாமல் போயிருப்பாரா என்பதற்கு யாரிடமும் விடை கிடையாது. இந்தத் தொழிலில் இருப்பவர் அந்தப் பொறுப்பைத் தலையில் சுமந்துகொண்டே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

முகமது ஷமியின் செய்தி வேறுவிதம். 2018 நடுவில் உடற்தகுதித் தேர்வில் தேறாமல் அணியை விட்டு நீங்கினார். சொந்த வாழ்க்கையிலும் கொந்தளிப்பு. ஆட்டத்தையே விட்டுவிடப் போகிறேன் என்று அவர் தம்மிடம் வந்து சொன்னதாகவும், தாம் அவரைச் சாஸ்திரியிடம் அழைத்துப் போனதாகவும் அருண் பின்னாளில் ஒரு பேட்டியில் கூறினார். உன் கோபம் வேகப்பந்து வீச்சாளனுக்கு வேண்டிய பொருள்தான், அதை உடம்பைத் தேற்றுவதில் காட்டு என்று சொல்லிச் சில வாரங்கள் அகாடமிக்கு அனுப்பினார்களாம். அந்த ஆண்டே இங்கிலாந்துத் தொடரில் ஷமி 16 விக்கெட் எடுத்தார்.

பிரிஸ்பேன், ஜனவரி 2021

2020 டிசம்பர் 19 அன்று அடிலெய்டில் இந்தியா 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது. தொடரின் தொடக்கமே அப்படி. ஆனால் பந்துவீச்சுக்கான திட்டம் பல மாதங்களுக்கு முன்பே வகுக்கப்பட்டிருந்தது என்று தொடர் முடிந்தபின் அருண் விளக்கினார். ஸ்மித்தும் லபுஷேனும் பெரும்பாலான ஓட்டங்களை ஆஃப் பக்கம் எடுக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அவர்களுக்கு இல்லாமல் செய்து, பந்தை உடம்பை நோக்கி வீசி, லெக் பக்கம் ஆளை நிறுத்துவது என்பதே திட்டம். மெல்போர்னில் அது பலித்தது. ஸ்மித் முதல் இன்னிங்சில் அஸ்வின் பந்தை லெக் பக்கம் நின்ற புஜாராவிடம் கொடுத்து ஓட்டமின்றி வெளியேறினார். இரண்டாவதில் பும்ராவின் பந்து காலுக்குப் பின்னால் புகுந்து குச்சியைத் தட்டியது.

கடைசி டெஸ்டுக்குப் பிரிஸ்பேன் வந்து சேர்ந்தபோது பும்ரா, ஷமி, உமேஷ், அஸ்வின், ஜடேஜா ஐவரும் காயத்தால் இல்லை. களமிறங்கிய ஐந்து பந்துவீச்சாளர்களுக்கும் சேர்த்து அதற்குமுன் நான்கே டெஸ்ட் அனுபவம். சிராஜுக்கு இரண்டு, சைனிக்கு ஒன்று, ஷர்துல் தாக்கூருக்கு ஒன்று. நடராஜனுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் அதுவே முதல். போதாக்குறைக்கு எட்டு ஓவர் முடிவதற்குள் சைனியின் தொடையிடுக்குத் தசை பிடித்துக்கொண்டது.

முகமது சிராஜ் ஹைதராபாத் ஆட்டோ ஓட்டுநரின் மகன். 2016–17 ரஞ்சிப் பருவத்தில் ஹைதராபாத் அணிக்கு அருண் பயிற்சியாளராக இருந்தபோது 41 விக்கெட் எடுத்து வெளிச்சத்துக்கு வந்தவர். இந்தப் பயணத்தில் ஆஸ்திரேலியாவில் தனிமைப்படுத்தலில் இருந்தபோது தந்தை இறந்த செய்தி வந்தது. ஊர் திரும்பாமல் தங்கிவிட்டார். பிரிஸ்பேனில் இரண்டாவது இன்னிங்சில் 73 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். ஜனவரி 19 அன்று இந்தியா 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா தோற்ற முதல் டெஸ்ட் அது.

நடராஜன்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன், வலைப்பயிற்சியில் பந்து போட அழைத்துச் செல்லப்பட்டவர். 2 டிசம்பர் 2020 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்திலும், இரண்டு நாள் கழித்து அங்கேயே இருபது ஓவர் ஆட்டத்திலும், 15 ஜனவரி 2021 அன்று பிரிஸ்பேனில் டெஸ்டிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். டெஸ்டின் முதல் இன்னிங்சில் மூன்று விக்கெட் எடுத்தார். அவரும் சுந்தரும் தாக்கூரும் ஆளுக்கு மூன்று.

டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர் நடராஜன். எங்கள் மன்னார்குடிப் பக்கமும் தை, மாசியில் அறுவடை முடிந்த வயலில் வரப்பை எல்லைக்கோடாக வைத்து ஆடும் பிள்ளைகள் அதே பந்தில்தான் ஆடுகிறார்கள். அந்த லேசான பந்தை வேகமாகப் போடக் கை தானாகவே மடங்கப் பழகிவிடும். 2015 ஜனவரியில் ரஞ்சி ஆட்டத்தில் அறிமுகமான கையோடு, நடராஜனின் வீச்சு ஐயத்துக்குரியது என்று நடுவர்கள் புகார் செய்தார்கள். பல இளைஞர்களின் கதை அத்தோடு முடிந்திருக்கும். சுனில் சுப்ரமணியம், டி. வாசு, எம். வெங்கடரமணா ஆகிய தமிழ்நாட்டுப் பயிற்சியாளர்கள் உதவ, வீச்சை அடியிலிருந்து மாற்றிக்கொண்டு திரும்பினார். பும்ராவுக்குக் கையை மாற்றாதது சரியான முடிவென்றால், நடராஜனுக்கு மாற்றியே ஆக வேண்டியிருந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குச் சூத்திரம் கிடையாது. இன்று கையின் கோணத்தைக் கருவி வைத்து அளக்கச் சென்னை போரூர் ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தில் உலகக் கிரிக்கெட் அமைப்பு ஏற்ற ஆய்வகம் இருக்கிறது. அளந்து சொல்வது அதன் வேலை. அதற்குமேல் என்ன செய்வது என்பது பயிற்சியாளரின் வேலை.

பந்தே பிடிக்காத கைக்கும் இந்த வேலையைச் செய்து பார்த்ததுண்டு. 2008இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறி வீரர்கள் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வென்று அமெரிக்கா போனார்கள். பேஸ்பால் என்றால் என்னவென்றே அறியாதவர்கள். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்ற பந்தெறி பயிற்சியாளர் சில மாதங்களில் அவர்களைத் தேற்ற, அந்த நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014இல் இக்கதை திரைப்படமாக வந்தது, இசை ஏ. ஆர். ரஹ்மான்.

பிற்காலம்

2021 நவம்பரில் இருபது ஓவர் உலகக் கோப்பையோடு சாஸ்திரியின் குழு விடைபெற்றது. 2022இல் அருண் கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் ஆனார். 26 மே 2024 அன்று சேப்பாக்கத்தில் நடந்த ஐ.பி.எல். இறுதியில் அந்த அணி ஹைதராபாதை 113 ஓட்டங்களுக்குள் சுருட்டிக் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டின் வருண் சக்கரவர்த்தி அந்தப் பருவத்தில் 21 விக்கெட் எடுத்தார். 2025இல் அருண் லக்னோ அணிக்கு மாறினார்.

நடராஜனுக்குப் பிரிஸ்பேனுக்குப் பிறகு இன்னொரு டெஸ்ட் கிடைக்கவில்லை. முழங்கால், தோள் என்று காயங்கள் தொடர்ந்தன. 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் தம் பெயரில் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். தினேஷ் கார்த்திக் அதைத் திறந்துவைத்தார்.